புதிய ஃபெராரி 12 சிலின்ட்ரி: பழைய டேட்டோனாவின் முகத்தை மறுபடி போட்டது சரியா?

ஹட்டன்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு வாரமாக எங்கள் வீட்டில் ஓயாமல் நடக்கிற ஒரு வாக்குவாதம், இங்கே கார் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கொண்டு வருகிறேன். மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

ஃபெராரி 2024 மே மாதம் மியாமியில் காட்டிய 12 சிலின்ட்ரி பற்றித்தான். இத்தாலியர்கள் டோடிச்சி சிலின்ட்ரி என்று வாசிப்பார்கள், பன்னிரண்டு சிலிண்டர் என்பதுதான் அர்த்தம். முன்னால் 6.5 லீற்றர் வி12 எஞ்சின், டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற கருவி) கிடையாது, பேட்டரி மோட்டார் கிடையாது, 830 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9500 சுற்று வரை போகும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு எஞ்சினைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். லம்போர்கினி ரெவுவெல்டோவில் வி12 இருக்கிறது, ஆனால் கூடவே மூன்று மின்மோட்டார். அஸ்டன் மார்ட்டின் வான்குவிஷில் வி12 இருக்கிறது, ஆனால் ரெட்டை டர்போ. இந்த மூன்றில் டர்போவும் மின்மோட்டாரும் இல்லாமல் தன் மூச்சிலேயே ஓடுவது இது மட்டும்தான்.

பிரச்சினை அதன் முகம். மூக்கில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கறுப்பாக ஒரு பட்டி, அதற்குள்ளே விளக்குகள். பழைய கார்களைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். 1968ல் பாரிஸில் வெளிவந்த 365 ஜிடிபி/4, அதாவது எல்லோரும் டேட்டோனா என்று கூப்பிடுகிற கார். அந்தப் பெயரும் ஃபெராரி வைத்ததில்லை, 1967ல் டேட்டோனா 24 மணிநேரப் பந்தயத்தில் ஃபெராரி கார்கள் முதல் மூன்று இடத்தையும் பிடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அதில் மூக்கு முழுவதும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டி ஓடும், விளக்குகள் அதற்குப் பின்னால் இருக்கும். அமெரிக்கச் சட்டம் அதை ஒத்துக்கொள்ளாததால் 70களின் தொடக்கத்தில் மேலே எழும்புகிற விளக்குக்கு மாற்றினார்கள்.

என் மாமா மகன் சொல்வது, இது வெறும் நகல், புதிதாக யோசிக்கத் தெரியாதவர்கள் தாத்தாவின் படத்தைத் தூசு தட்டி மாட்டியிருக்கிறார்கள் என்று. எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் வீட்டில் மாமாவின் மொரிஸ் மைனர், பழைய ஆங்கிலேயச் சின்னக் கார், ஒன்று இன்னும் ஓடுகிறது, அதன் முகத்தைத் தெருமுனையில் பார்த்தாலே எனக்கு மனசு லேசாகும். ஒரு முகத்தைப் பார்த்ததும் அதன் குடும்பம் தெரிவதில் என்ன தப்பு? ஆனாலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேனே தவிர, அவன் கேட்கிற கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேட்கிறான், "முகம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு என்றால் அதில் பழையதுக்கு என்ன மரியாதை?"

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


தலவாக்கலை_கராஜ் எழுதியது:

தம்பி, உங்கள் மாமா மகன் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் "உள்ளே எல்லாம் புதுசு" என்பது தப்பு. அங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன், முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது டிசைன் படித்தவர்கள் பேச வேண்டியது.

டேட்டோனாவைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி அடியில் பார்த்தால் என்ன இருக்கும்? எஞ்சின் முன்னால், கியர்ப் பெட்டி பின்னால், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷலோடு சேர்த்து, ரெண்டையும் இணைக்கிற ஒரு நீளக் குழாய். எஞ்சினின் பாரம் முன்னால் போனதால் கியர்ப் பெட்டியின் பாரத்தைப் பின்னால் வைத்து எடையைச் சமப்படுத்தினார்கள். புது 12 சிலின்ட்ரியிலும் அதே அமைப்புத்தான். முன்னால் வி12, பின்னால் கியர்ப் பெட்டி, பின் சக்கர ஓட்டம். எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பின் சக்கரத்தில் நிற்கிறது. மலையில் ஏறும்போது பின் சக்கரத்துக்கு எடை கிடைத்தால் என்ன பலன் என்று இறம்பொடைப் பக்கம் மழை நாளில் வெறும் லொறி ஓட்டியவனைக் கேளுங்கள், சொல்வான்.

எஞ்சினும் அப்படித்தான். டேட்டோனாவில் 4.4 லீற்றர் வி12, 352 குதிரைத்திறன், ஆறு வெபர் காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கிற கருவி). அந்த எஞ்சின் குடும்பத்தை முதலில் வரைந்தவர் பெயர் ஜோவக்கீனோ கொலம்போ, அதனால் கொலம்போ எஞ்சின் என்பார்கள் (நம்ம தலைநகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சின்ன வயதில் நான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்). இப்போது உள்ள எஞ்சின் அந்த வரிசை இல்லை, 2002ல் என்ஸோ காரில் வந்த எஞ்சினின் வாரிசு. ஆனால் காற்றைத் தானே இழுத்து, சுற்று ஏற ஏறச் சக்தி கூடுகிற குணம் அதே குணம். முழுச் சக்தி 9250 சுற்றில்தான் வருகிறது. டர்போ எஞ்சின் ரெண்டாயிரம் சுற்றிலேயே முதுகில் தள்ளிவிடும், இது அப்படியில்லை, ஓட்டுகிறவன் மேலே போய்த் தேடி எடுக்க வேண்டும். காலும் காதும் சேர்ந்து வேலை செய்கிற வண்டி. பழையதுக்கு மரியாதை என்றால் எனக்கு இதுதான், மூக்கில் போட்ட கறுப்பு இல்லை.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்க்காரர்கள் மட்டும் யோசிக்கக்கூடியது, அதனால் எழுதுகிறேன். இந்த எஞ்சினை நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தால் 830 குதிரைத்திறன் இருக்காது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பில் இருக்கிற காற்றோடு பார்த்தால் அங்கே அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிடைக்கிற காற்றைத்தான் குடிக்கும். அப்போ கணக்குப் போட்டால் 700க்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். டர்போ வண்டி என்றால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆகவே நம்ம மலையில் அந்த அஸ்டன் ஒருவேளை முந்திப் போகலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தானே மூச்சு விடுகிற எஞ்சின் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் காற்றுக்குத் தக்க மாதிரி ஓடும், பழைய வண்டிகள் எல்லாமே அப்படி ஓடியவைதான்.

உங்கள் மாமாவின் மொரிஸ் மைனரும் அதே கதை. கொழும்பில் டியூன் பண்ணிய மொரிஸ் ஹட்டனுக்கு வந்ததும் பெற்றோல் கூடுதலாகப் போய் பிளக் கறுத்துவிடும். புது வண்டியில் சென்சர் காற்றை அளந்து பெற்றோலைத் தானே குறைக்கும், மொரிஸில் ஆள்தான் குறைக்க வேண்டும். அந்த எஸ்யூ காபரேட்டருக்கு அடியில் ஒரு நட் இருக்கும், அதை மேல்நோக்கிக் கொஞ்சம் திருகினால் கலவை மெலியும். அளவு ஒரு பக்கம், மிஞ்சினால் ரெண்டு பக்கம், அறுகோண நட்டின் பக்கத்தைச் சொல்கிறேன். யாராவது அதைச் செய்தார்களா என்று மாமாவிடம் கேளுங்கள்.


டோஹாவில்_பதுளைக்காரன் எழுதியது:

நான் இங்கே கட்டாரில் கார்களுக்குப் பாதுகாப்பு ஃபில்ம் ஒட்டுகிற இடத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன், சொந்த ஊர் பதுளைப் பக்கம். 12 சிலின்ட்ரி ரெண்டு எங்கள் கையில் வந்து போயிருக்கின்றன, அதனால் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு சொல்லலாம் என்று வந்தேன்.

முதல் விஷயம், அந்தக் கறுப்புப் பட்டி நிறத்தைப் பொறுத்தது. ஒன்று மஞ்சள், ஒன்று மிகக் கடும் நீலம். மஞ்சளில் பட்டி கண்ணில் குத்துகிறது, யாரோ கண்ணில் துணி கட்டிவிட்ட மாதிரி. நீலத்தில் பட்டி எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, முகம் ஒரே வழவழப்பாக அமைதியாக இருந்தது. ஒரே கார்தான், ஆனால் ரெண்டு வேறு முகம். ஆகவே படத்தில் ஒரு நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ரெண்டாவது, பொனட். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பொனட்டும் முன் மட்கார்டும் ஒரே தகடு. இத்தாலியில் பொனட்டுக்கான சொல்லையும் மட்கார்டுக்கான சொல்லையும் ஒட்டி "கோஃபாங்கோ" என்று இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கீல் முன்னால் இருக்கிறது, கண்ணாடிப் பக்கத்திலிருந்து திறந்து மூக்கை நோக்கிக் கவிழும். திறந்தால் காரின் முன்பாதியே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே எஞ்சின் நன்றாகப் பின்னால் தள்ளி, ஓட்டுநரின் கால் பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

எங்களுக்கு அந்தத் தகடு பெரிய சோதனை. மற்றக் கார்களில் பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளிக் கோடு இருக்கும், ஃபில்மை அங்கே வெட்டி முடித்துவிடலாம். இதில் முடிக்க இடமே இல்லை. சக்கர வளைவின் மேலே ஏறி இறங்கி மறுபக்கம் வரை ஒரே இழுவையில் போக வேண்டும், நாலு பேர் பிடித்தோம். கையால் தடவித் தடவி ஒட்டும்போதுதான் அந்த வடிவம் எனக்குப் புரிந்தது. படத்தில் தட்டையாகத் தெரிகிற இடம் எதுவும் தட்டை இல்லை. மிக மெதுவாக வளைந்து போகிறது, வெளிச்சம் அதன் மேல் ஓடும்போது எங்கும் முறியவில்லை. இதைச் செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை என்று என் கை சொல்லும்.

பின்பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பின் கண்ணாடியும் ரெண்டு பக்கச் சின்ன இறக்கையும் கறுப்பில் முக்கோணமாகச் சேர்ந்து நிற்கின்றன. வேகம் போகும்போது அந்த ரெண்டும் தானாக எழும்பி காரைத் தரையோடு அழுத்தும். வேலை நல்ல வேலை, பார்க்கத்தான் வேறொரு காரிலிருந்து கழற்றி வைத்த மாதிரி இருக்கிறது. முன்னால் 1968, பின்னால் விண்கலம். நடுவில் யாரும் ரெண்டையும் பேச வைக்கவில்லை.


பண்டாரவளை_சித்திரம் எழுதியது:

பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன், கார் ஓட்டுவேன், ஆனால் எஞ்சின் விஷயம் தலவாக்கலை அண்ணன் சொன்ன அளவுக்குத் தெரியாது. வடிவம் பற்றி மட்டும் எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தக் கார் பிடித்திருக்கிறது. ஆனால் டேட்டோனாவைப் பின்பற்றியது என்று சொல்வதில் எனக்குப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஏன் என்றால் டேட்டோனா யாரையும் பின்பற்றவில்லை. அதற்கு முன்னால் இருந்த 275 ஜிடிபியை எடுத்துப் பாருங்கள், உருண்ட மட்கார்டு, முட்டை வடிவ மூக்கு, இடுப்பு வளைவு, 60களின் இத்தாலிக் காருக்கு இருந்த எல்லா இலட்சணமும் இருக்கும். அப்புறம் ஃபெராரிக்கு வடிவம் வரைந்து கொடுத்த பினின்ஃபரினா நிறுவனத்தில் லியொனார்தோ ஃபியோரவந்தி என்று முப்பதை ஒட்டிய வயதுள்ள ஒருவர் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நீள மூக்கு, கத்தி மாதிரி முனை, பக்கத்தில் ஒரே ஒரு கோடு என்று வரைந்தார். அன்றைக்கு ஃபெராரி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பழகிய முகம் இல்லை. அதுதான் அந்தக் காரின் பெருமை. டேட்டோனாவுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றால் டேட்டோனாவை விட்டு விலகத் துணிய வேண்டும், இது கொஞ்சம் முரணாகத் தெரியலாம், ஆனால் என் மாணவர்களிடம் நான் ஒவ்வொரு வருடமும் சொல்வது இதுதான்: ஒரு ஓவியரைப் பார்த்துப் படிப்பது என்றால் அவர் எதைப் பார்த்தாரோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது.

அந்தப் பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டோனாவில் அது ஊடுருவித் தெரிகிற பட்டி, பின்னால் விளக்கு இருக்கிறது, வெளிச்சம் அதைத் தாண்டி வர வேண்டும், காற்றும் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். காரணம் இருந்தது, அந்தக் காரணத்திலிருந்து அழகு வந்தது. புதியதில் பட்டியின் நடுப்பகுதி கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். விளக்கு ரெண்டு ஓரத்தில் மட்டும். நடுப்பகுதி நமக்கு ஞாபகப்படுத்துவதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. பதுளைத் தம்பி சொன்ன பொனட் அப்படியில்லை பாருங்கள், அது யாரையும் ஞாபகப்படுத்தச் செய்தது இல்லை, ஒரு நீள எஞ்சினை மூட ஒரு நீளத் தகடு வேண்டும் என்பதிலிருந்து வந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு 60களின் உண்மையான சாயல் தெரிகிறது.

பழைய முகத்தை எடுத்துப் போடுவது இன்னும் மோசமாகப் போன உதாரணமும் இருக்கிறது. 2021ல் லம்போர்கினி கவுன்டாஷ் என்ற பெயரைத் திரும்பக் கொண்டு வந்து 112 கார் மட்டும் செய்தார்கள். 70களில் முதல் கவுன்டாஷை வரைந்த மார்ச்செலோ கந்தீனி, தனக்கும் இந்தப் புதிய காருக்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்வதும் முன்னதை மறுப்பதும்தான் தன் வழி என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய கார்களைப் பார்த்தால் அது வாய்ப்பேச்சு இல்லை என்று தெரியும், அவர் வரைந்த இன்னொரு லம்போர்கினியான மியூராவுக்கும் கவுன்டாஷுக்கும் நடுவில் ஐந்தாறு வருடம்தான், ரெண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று யாராவது சொல்ல முடியுமா?

நல்ல உதாரணமும் உண்டு. பிஎம்டபிள்யூ 1999ல் காட்டிய இசட்8. 50களின் 507 காரை நினைத்துத்தான் செய்தார்கள், மறைக்கவும் இல்லை. ஆனால் 507க்கு அருகில் நிறுத்தினால் ஒரு கோடுகூட அப்படியே நகலில்லை, 507 செய்த கை இன்னும் நாற்பது வருடம் விடாமல் வரைந்துகொண்டே இருந்திருந்தால் எங்கே வந்து நின்றிருக்குமோ அங்கே நிற்கிறது. 12 சிலின்ட்ரி எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. முன்பாதியில் போகிறது, பட்டியில் சறுக்குகிறது.

ஹட்டன் தம்பி, மொரிஸ் மைனர் முகத்தைப் பார்த்தால் மனசு லேசாகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான். ஆனால் அந்த லேசு அந்த முகத்தில் இல்லை, உங்கள் மாமாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய தொழிற்சாலையில் அதே முகத்தை வார்த்து எடுத்தால் அது கூடவே வராது.


கொட்டகலை_வேன் எழுதியது:

எல்லாம் சரி. நான் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், நம்ம பாதைக்கு எது பொருந்தும் என்று மட்டும் பார்க்கிறேன். அந்தப் ஃபெராரி பக்கக் கண்ணாடிகளோடு ரெண்டு மீற்றருக்கு மேல் அகலம். இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவில் எதிரே இ.போ.ச. பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது? எண்ணெய் தண்ணீர் எதுவும் ஊற்றாமலே எடை 1560 கிலோ. இந்த மலைக்கு அது வேண்டாம்.

பழையதை நினைத்துச் செய்த காரில் நம்ம மலைக்கு ஏற்றது பிரான்ஸ்காரர்களின் அல்பீன் ஏ110 தான், நூறு தடவை கேட்டாலும் அதையே சொல்வேன். 60களில் வந்த பழைய ஏ110 ஒரு சின்னக் கார், மலைப்பாதைக்கென்றே பிறந்தது. 1971லும் 1973லும் மொன்டே கார்லோ ராலியை அதுதான் ஜெயித்தது, உலக ராலி சம்பியன்ஷிப் தொடங்கிய 1973லேயே முதல் பட்டத்தையும் எடுத்தது. 2017ல் புதிதாகச் செய்தபோது முகத்தில் அதே நாலு விளக்கு வைத்தார்கள், அதோடு நிற்கவில்லை, எடையையும் பார்த்துப் பார்த்துக் குறைத்து ஏறக்குறைய 1100 கிலோவில் நிறுத்தினார்கள். எஞ்சின் வெறும் 1.8 லீற்றர், டர்போவும் இருக்கிறது, ஆகவே நுவரெலியாக் காற்றிலும் சோராது. டீச்சர் கேட்ட அந்தக் காரணம் அதில் இருக்கிறது. பழைய கார் எதனால் ஜெயித்ததோ, அதாவது எடை, அதைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் மட்டும் முன்பு கடைசியில் தொங்கியது, இப்போது நடுவில் வந்துவிட்டது.

ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்குப் போய்ப் பாருங்கள், 1934ல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவில் அந்த ஒடுக்கப் பாதையில் பெரிய எஞ்சின்காரன் நேராகப் போகும்போது இரைச்சலோடு போவான், வளைவு வந்ததும் சின்ன வண்டிக்காரன் பிடித்துவிடுவான். வருடா வருடம் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன்.


வெலிமடை_எழில் எழுதியது:

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இத்தாலியிலேயே இந்தக் கார் நாலு லட்சம் யூரோவை ஒட்டிய விலை. நம்ம நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து கார் இறக்குமதியே நின்றிருந்து 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், இப்போதும் எஞ்சின் அளவுக்கு ஏற்ற வரி, அதற்கு மேல் சொகுசு வரி. ஒரு பழைய அல்டோவுக்கே கடன் எடுத்து நிற்கிறோம். நம்மில் யாரும் வாங்கப்போவதில்லை. கொழுந்து பறித்து வளர்த்த அம்மாக்களின் பிள்ளைகள் நாம், இதைப் பற்றி இவ்வளவு பேசி என்ன?


தலவாக்கலை_கராஜ் எழுதியது:

எழில் தங்கச்சி, கோபம் எதுவும் இல்லை. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். அப்பா துரையின் பங்களாவில் கார் கழுவினார், ஒஸ்டின் ஏ40. கழுவும்போது என்னையும் கூட்டிப் போவார், பொனட்டைத் திறந்து எது எது என்று காட்டுவார். அவருக்கு அந்தக் கார் சொந்தமில்லை, சாகும் வரை ஒரு சைக்கிளுக்கு மேல் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் டிஸ்ரிபியூட்டரில் பொயின்ட் இடைவெளி எவ்வளவு என்று அந்தத் துரையைவிட அவருக்குத் தெரியும். அந்தத் திண்ணையில்தான் என் தொழில் ஆரம்பித்தது. நன்றாகச் செய்த ஒரு பொருளைப் பற்றிப் பேச அதை வாங்கியிருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

டீச்சர், பட்டி பற்றி நீங்கள் எழுதியதை ரெண்டு தடவை வாசித்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதே கேள்வியை கியரிடமும் கேட்க வேண்டும். டேட்டோனாவில் அஞ்சு கியர், கையால் போடுவது. இதில் எட்டு கியர், ரெட்டைக் கிளச், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டுவது. வேகம்தான், சந்தேகமில்லை, 100 கிலோமீற்றர் வேகத்துக்கு 2.9 செக்கனில் போய்விடும். ஆனால் பழையதை மதிக்கிறோம் என்று மூக்கில் எழுதிவிட்டு இடது காலுக்கு வேலை இல்லாமல் பண்ணியது எனக்கு வருத்தம். அஸ்டன் மார்ட்டின் 2023ல் 110 வருட நிறைவுக்கு வேலர் என்று 110 கார் செய்தது, 70, 80களின் தங்கள் பழைய வண்டிகளை நினைத்து. அதில் வி12க்கு ஆறு கியர், கையால் போடுவது, கிளச் மிதி உண்டு. டர்போ இருந்தாலும் பரவாயில்லை, அந்த மனசு எனக்குப் பிடித்தது.


ஹட்டன்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மாமா மகனுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அண்ணன் எழுதிய கியர்ப் பெட்டி விஷயத்தில் அவன் இறங்கி வந்தான், "அப்போ உள்ளே எல்லாம் புதுசு இல்லை" என்று அவன் வாயாலேயே சொன்னான். பட்டி விஷயத்தில் டீச்சர் பக்கம் போய்விட்டான், நானும் பாதி அங்கேதான் நிற்கிறேன். மஞ்சளில் வாங்காமல் கடும் நீலத்தில் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு, பதுளை அண்ணனுக்கு நன்றி.

ஆனால் டீச்சர், அந்த லேசு முகத்தில் இல்லை என்று எழுதியதை மட்டும் என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. மாமாவை அறியாத பிள்ளைகளும் அந்த மொரிஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தினால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். உருண்ட ரெண்டு கண், நடுவில் சின்ன மூக்கு, அதில் ஏதோ இருக்கிறது. இதை இன்னொரு நாள் தனியாகப் பேசலாம்.

தலவாக்கலை அண்ணே, நீங்கள் சொன்ன நட்டைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். போன வருடம் காபரேட்டரை கொழும்பில் ஒரு இடத்தில் கழற்றிப் பூட்டி எடுத்து வந்தாராம், அதற்கப்புறம் யாரும் கை வைக்கவில்லை. நேற்றுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், நாலும் கரி. டிக்கோயாப் பக்க ஏற்றத்தில் மூச்சு வாங்கியது எதனால் என்று இப்போதுதான் புரிகிறது, நாங்கள் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலையில் கொண்டு வரலாமா? மாமாவும் வருவார், திருகும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.


தலவாக்கலை_கராஜ் எழுதியது:

கொண்டு வாங்க தம்பி. எட்டு மணிக்குள் வந்தால் நல்லது, எஞ்சினை ஆற விட்டு, குளிர்ந்த பிறகு ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். பிளக்கைச் சுத்தம் பண்ணாமல் அப்படியே கொண்டு வாங்க.